அக்கா அனுப்பிய எச்சில்

ஜனவரி 12

அக்கா,

வீட்டுக்குக் கடிதம் போடக்கூடாது என்று நீ சொல்லியிருப்பதால் ஹோட்டலுக்கே எழுதுகிறேன். உன் கைபேசிக்கு என் அழைப்பு போவதே இல்லை. வீட்டு எண்ணுக்கு அடித்தால் உன் மாமியார் எடுக்கிறார். "யாரும்மா பேசறது? ஏதாவது சொல்லு" என்கிறார். எனக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது. வைத்துவிடுகிறேன்.

அம்மா போன பிறகு நீ வந்தாய், ஒரு ராத்திரி தலைவலி என்று படுத்தாய், விடிந்ததும் கிளம்பினாய். அதற்கப்புறம் நமக்குள் பேச்சில்லை. எனக்கும் உன்னோடு பேச ஆசை ஒன்றும் இல்லை. ஒரு காரியம் இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கவருக்குள் மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டியூப் ஒன்று இருக்கும். அதில் கோடு வரைக்கும் நீ எச்சில் துப்பி அனுப்ப வேண்டும். சிரிக்காதே. அம்மா படுத்திருந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. சினைப்பையில் புற்றுநோய் வந்த பெண்களின் மகள்களிடம் எச்சில் வாங்கிப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் ஹார்மோன் ஓடுகிறது இல்லையா, அதைக் கை நீட்டி வாங்கிக்கொள்ள செல்லுக்குள் ஒன்று இருக்கிறதாம். ஏற்பி என்று பெயர். அந்த ஏற்பியைச் செய்கிற மரபணு எல்லாருக்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காதாம், சிலருக்கு ஓரிரு இடத்தில் மாறியிருக்குமாம். அப்படி மாறியிருப்பவர்களுக்கு இந்த நோய் கொஞ்சம் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கிறார்கள். ஆராய்ச்சி மேடம் இதை எனக்கு நிதானமாகச் சொன்னார். நான் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் வந்தது.

அம்மாவுக்கு இரண்டு மகள்கள் என்று அவர்களிடம் பதிவாகியிருக்கிறது. இரண்டு டியூப்பும் வந்தால்தான் நம் குடும்பத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன். பெரியம்மாவும் வயிறு வீங்கித்தான் செத்தாள், ஞாபகம் இருக்கிறதா? கல்லீரல் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எதனால் என்று யாரும் பார்க்கவில்லை. இப்போது பார்க்க ஒரு ஆள் இருக்கிறது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ள நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். நீ எதை விட்டாய் என்று கேட்க மாட்டேன். நான் உன்னிடம் கேட்பது ஒரு வாய் எச்சில்.

சின்னவள்

*

ஜனவரி 25

வாயில்லாப்பூச்சிக்கு,

பேசத்தான் வாய் கிடையாது, எழுத்து மட்டும் கத்தி மாதிரி வருகிறது உனக்கு.

உன் கவரை எங்கள் மேனேஜர் எல்லார் முன்னாலும் குலுக்கிப் பார்த்தார். "என்னங்க, உள்ள என்னமோ உருளுது. லிப்ஸ்டிக்கா?" என்றார். ஆமாம் என்றேன். வரவேற்பு மேசையில் நிற்பவள் எதற்கும் சிரித்த முகமாக இருக்க வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். எச்சில் டியூப்பைக் கையில் வைத்துக்கொண்டும் சிரித்தேன்.

துப்பியாயிற்று. கோடு வரைக்கும் கேட்டாய், கோட்டைத் தாண்டியே இருக்கிறது. திருப்தியா?

ஒன்று சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள். அம்மா மாரடைப்பில் போனாள் என்றுதான் இங்கே சொல்லியிருக்கிறேன். என் மாமியார் எப்படிப்பட்டவர் தெரியுமா? ஒரு துடைப்பம் வாங்கினால்கூட அதன் பரம்பரையை விசாரிக்கிற ரகம். கல்யாணமாகி நான்கு வருஷமாகக் குழந்தை இல்லை என்று சாப்பாட்டு மேசையில் எனக்குத் தினமும் ஒரு வகுப்பு நடக்கிறது. இதில் "உங்க அம்மாவுக்கு அந்த இடத்துலயா வந்துச்சு? பெரியம்மாவுக்குமா?" என்று ஆரம்பித்தால் என் கதி என்ன? அவர் மகனோ அம்மா எந்தப் பக்கம் திரும்பினால் அந்தப் பக்கம் திரும்புகிற சூரியகாந்தி.

அதனால் முடிவு கிடிவு என்று எதுவும் எனக்கு வரக்கூடாது. என் எண்ணை யாருக்கும் கொடுக்காதே. உன் ஆராய்ச்சி மேடத்துக்கு அவ்வளவு ஆர்வம் இருந்தால் உன்னையே கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்க்கட்டும். ஆடாமல் அசையாமல் இருப்பாய், அவருக்கும் வசதி.

நான் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை, தலைவலி என்று படுத்தேன் என்று குத்திக்காட்டியிருக்கிறாய். எனக்குத் தலை வலித்தது. சாவு வீட்டில் தலை வலிக்கக்கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

பெரியவள்

*

மார்ச் 19

அக்கா,

இதற்கு நீ பதில் எழுதியே ஆக வேண்டும். திட்ட வேண்டுமென்றால் முதலில் பதிலை எழுதிவிட்டு அப்புறம் திட்டு.

நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து டெக்னீஷியன் ஒருவர் நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தார். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியாது, நீ கேட்கவும் இல்லை. பல் செட் செய்யும் கடை. பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயில் எடுத்த அச்சை அனுப்புவார்கள். அதில் மாவுக் கலவையை ஊற்றி, காய வைத்து, தாடை மாதிரியை உரித்து எடுப்பது என் வேலை. நாள் முழுக்க வாய்களுக்கு நடுவில் இருக்கிறேன், ஒன்றும் பேசாது. எனக்குப் பொருத்தமான வேலை என்று நீ சொல்வாய், அதை நானே சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆள் வந்ததும் ஏதோ கையெழுத்துக்கு என்று நினைத்தேன்.

"நீங்களும் உங்க அக்காவும் சொந்த அக்கா தங்கச்சிதானே?" என்றார்.

தலையாட்டினேன்.

"ஒரே அம்மா, ஒரே அப்பா?"

அதற்கும் ஆட்டினேன்.

"இல்ல, ரெண்டு டியூப்பையும் வெச்சுப் பார்த்தா ஒட்டு உறவே இல்லாத மாதிரி வருது. தத்து கித்து எடுத்த விஷயம் ஏதாவது உண்டா வீட்டுல?"

தண்ணீர் கேட்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். நான் கையில் வைத்திருந்த கரண்டியிலிருந்து மாவு சொட்டிக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "ஐயையோ, இதை நான் கேட்டிருக்கவே கூடாது. மேடத்துக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும். மறந்துடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கி ஓடினார்.

மறந்துவிடவாம்.

நான் சின்னவளாக இருக்கும்போது யாராவது வீட்டுக்கு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அப்போது நீ வந்தவர்களிடம் என்ன சொல்வாய்? "இது எங்க வீட்டுப் பிள்ளையே இல்ல. எங்க வீட்டுல எல்லாரும் வாயாடி. ஆஸ்பத்திரியில மாத்திக் குடுத்துட்டாங்க." எல்லாரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அம்மா ஏன் சிரித்தாள் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவின் கீழ்த்தாடைக்கு முன்பு இந்தக் கடையில்தான் பல் செட் செய்தார்கள். அந்தத் தாடை மாதிரி இன்னும் அலமாரியில் இருக்கிறது. எல்லாரும் போன பிறகு என் வாயில் நானே அச்செடுத்து, ஊற்றி, காய்ந்ததும் உரித்து, அம்மாவுடையதற்குப் பக்கத்தில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு அங்கே பாதிப் பல் கிடையாது, எனக்கு எல்லாம் இருக்கிறது. குடையை மறந்துபோய்த் திரும்பி வந்த முதலாளி பார்த்துவிட்டார். "என்னம்மா, பல்லுக்கும் பல்லுக்கும் பொருத்தம் பார்க்கிறியா? கல்யாணமா?" என்றார். சிரித்து வைத்தேன்.

அப்பா இல்லை. அம்மா இல்லை. பெரியம்மா இல்லை. நான் பிறந்தபோது உனக்குப் பதினொரு வயது. உனக்குத் தெரியாமல் இருக்காது. நான் அம்மா பெற்ற பிள்ளைதானா? ஒரே வரியில் எழுதினால் போதும்.

சின்னவள்

*

ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

ஒரே வரி கேட்டாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பக்கத்து வீட்டில் இருந்தேன். சில நாள் கழித்து ஒரு குழந்தையோடு திரும்பி வந்தாள். "உன் தங்கச்சி" என்றாள். சரி என்றேன். பதினொரு வயதில் அதற்கு மேல் யார் என்ன கேட்பார்கள்?

கூடுதலாக எதுவும் எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் ஆசையில்லை.

இப்போது இதைக் கிளறி உனக்கு என்ன ஆகப்போகிறது? யார் பெற்றால் என்ன, வளர்த்தது அம்மாதானே. அவளும் போய்விட்டாள். நல்லவிதமாகவும் யோசித்துப் பாரேன். நீ அவள் வயிற்றில் பிறக்கவில்லை என்றால் அந்த வயிற்று நோயும் உனக்கு இல்லை. தப்பித்தாய் என்று வைத்துக்கொள். எனக்கு அந்த அதிர்ஷ்டம்கூட இல்லை.

ஆராய்ச்சியிலிருந்து பெயரை எடுத்துவிடு. எங்களுக்கு விருப்பமில்லை என்று எழுதிக் கொடு, அதோடு முடிந்தது. அந்த இரண்டு டியூப்பையும் கீழே ஊற்றிவிடச் சொல். ஓட்டை வாய் டெக்னீஷியன் மேல் புகார் கொடுப்பேன் என்று மிரட்டினால் உடனே செய்வார்கள். உனக்கு மிரட்ட வராது என்று தெரியும். அதையும் எழுதியே கொடு.

பல்லை வைத்து அம்மாவைத் தேடினாயாம். படித்துவிட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அப்போது ஒரு ஆள் அறைச் சாவி கேட்டு வந்துவிட்டார். சிரித்தேன்.

பெரியவள்

*

ஏப்ரல் 11

அக்கா,

தப்பித்தாய் என்று எழுதியிருக்கிறாய். எப்படி எழுத மனசு வந்தது உனக்கு?

நான் யாருடைய மூத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்? வயிற்றில் நீர் எடுக்கும்போது யார் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்? நடு ராத்திரியில் என்னைக் கூப்பிட்டவள் யார்? யாரோ ஒருத்திக்கு வேலைக்காரியாக இருந்துவிட்டு வந்தேனா நான்? அப்படியானால் அதையாவது தெளிவாகச் சொல்லியிரு. "சரி என்றேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறாய். உன் பதிலை எத்தனை தடவை படித்தாலும் அதில் பதில் இல்லை. நழுவுகிற இடம் மட்டும் இருக்கிறது.

உன்னிடம் கேட்டது என் தப்பு. ஆஸ்பத்திரிக்கே போய்க் கேட்கிறேன்.

*

ஏப்ரல் 28

அக்கா,

போனேன்.

நாலாவது மாடி, நடைபாதைக் கடைசி அறை. வெளியே வரிசையாகப் போட்ட நாற்காலிகள். உள்ளே பெரிய பெரிய குளிர்பெட்டிகள் உறுமிக்கொண்டிருந்தன. எல்லாரும் போகட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மேடமே வெளியே வந்து, "நீ காலையில இருந்து இருக்கியே. சொல்லும்மா, என்ன?" என்றார். எனக்கு வாய் வரவில்லை. வராது என்று தெரிந்துதான் வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். நீட்டினேன். நான் எங்கள் அம்மாவுக்குப் பிறந்த பெண்ணா என்று எழுதியிருந்தது.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் உனக்கு இந்தச் சந்தேகத்தைக் கிளப்பினது?"

டெக்னீஷியன் அந்தப் பக்கமாக ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு போனவர், என்னைப் பார்த்ததும் தட்டோடு அப்படியே திரும்பிப் போனார். மேடம் அவர் முதுகைப் பார்த்தார். "ஓ, இவரா. வெச்சுக்கறேன்" என்றார். பிறகு என்னை உள்ளே உட்கார வைத்தார்.

"விதிப்படி பார்த்தா இதையெல்லாம் நான் உன்கிட்ட சொல்லக் கூடாது. ஆனா சொல்லாம அனுப்பினா நீயும் தூங்க மாட்ட, நானும் தூங்க மாட்டேன். உங்க அம்மா ரத்தம் எங்ககிட்ட இருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியும், ஆனால் மறந்தே போயிருந்தேன். உனக்குத் தெரியாது, ஏனென்றால் நீ அங்கே இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்தார்கள். அம்மா கையை நீட்டிக்கொண்டு, "எடுங்க எடுங்க. வீட்டுல கொசு கேக்காமலே எடுக்குது, நீங்க மரியாதையா கேக்கறீங்க" என்று சொல்லி அந்த அறையையே சிரிக்க வைத்தாள்.

மேடம் கணினியில் எதையோ திறந்து, கீழே மேலே நகர்த்திப் பார்த்தார்.

"நீ அவங்க பொண்ணுதான். ஊசி முனை அளவுகூடச் சந்தேகம் வேணாம்" என்றார். "அம்மாவுக்கு இருந்த அந்த ஏற்பி மாற்றம்கூட உனக்கு அப்படியே இருக்கு."

நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துவிட்டார். நோயை நினைத்து அழுகிறேன் என்று எண்ணி அவசர அவசரமாக விளக்கினார். "பயப்படாதம்மா. இந்த மாற்றம் இருக்கிற நிறைய பேருக்கு இந்த நோய் வரவே வராது. இல்லாதவங்களுக்கும் வருது. ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துப் பார்த்தாத்தான் லேசா ஒரு வித்தியாசம் தெரியுது, அதுவும் எல்லா ஆராய்ச்சியிலயும் ஒரே மாதிரி வரல. இதை வெச்சு உனக்கு வரும் வராதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதுக்குத்தான் இன்னும் ஆராய்ச்சியே பண்றோம்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "முக்கியமான விஷயம் வேற. உங்க அம்மாவுக்கு இருந்துச்சு, பெரியம்மாவுக்கும் இருந்திருக்கலாம்னு சொன்ன இல்ல, அதுதான். அதை நீங்க ரெண்டு பேரும் எந்த டாக்டர்கிட்ட போனாலும் முதல்ல சொல்லணும். வேற சில மரபணுவையும் பார்க்கச் சொல்வாங்க, ஸ்கேன் பண்ணுவாங்க. அதை மறைக்கக் கூடாது" என்றார்.

நான் அதற்காக அழவில்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கு இருந்தது எனக்கும் இருக்கிறது என்று அவர் சொன்னதும் யாரோ எனக்குப் பரிசு கொடுத்த மாதிரி இருந்தது. இது பைத்தியக்காரத்தனம்தான்.

கதவு வரைக்கும் போய்விட்டேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது. திரும்பி, "எங்க அக்கா?" என்றேன். அதை மட்டும் வாயால் கேட்டேன்.

மேடம் எழுந்து என் பக்கத்தில் வந்தார். "அந்த டியூப்ல இருக்கிறவங்க உங்க அம்மாவுக்கு யாரும் இல்லம்மா. அது யாருன்னு எனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியும், அக்கா. உன் நெற்றி, உன் முழங்கால், கோபம் வந்தால் நீ மூக்கை உறிஞ்சுகிற விதம் எல்லாம் அம்மா. உன்னை யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. நீ டியூப்பை மாற்றிக் கொடுத்தாய். அது யாருடைய எச்சில் என்று தெரிந்திருந்தும், நான் யார் வீட்டுப் பிள்ளையோ என்று என்னை அலைய விட்டாய். தப்பித்தாய் என்று வேறு எழுதினாய்.

அது யாருடையது?

சின்னவள்

*

மே 6

சின்னவளுக்கு,

கண்டுபிடித்துவிட்டாய், கை தட்டுகிறேன்.

ஹோட்டல் லாண்டரியில் துணி மடிக்கிற பெண்ணுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை லீவு வாங்கிக் கொடுத்தேன், அதற்குப் பதில் துப்பினாள். "எதுக்குக்கா இது?" என்றாள். "பல்லுக்கு டெஸ்ட்" என்றேன். "அப்போ நல்லா துப்பறேன்" என்று மனசாரத் துப்பினாள். உன் மேடத்திடம் சொல், அவள் ஏற்பி ரொம்ப நன்றாக இருக்கும், மூன்று பிள்ளைகள்.

நான் ஏன் துப்பவில்லை என்று நீ கேட்கவில்லை. உனக்கு எப்போதும் தீர்ப்புதான் வரும், கேள்வி வராது. நானே சொல்கிறேன். டியூப்பைத் திறந்து வாய்க்கிட்ட கொண்டுபோனேன். வாயில் ஈரமே இல்லை. எனக்குத் தெரிய வேண்டாம். அம்மாவுக்கு இருந்தது தனக்கும் இருக்கிறது என்று தெரிந்தால் உனக்குப் பரிசு. எனக்கு அது பரிசில்லை. எனக்கு ஒரு குழந்தை வேண்டும். இந்த மாதம் இருபத்தொன்றாம் தேதி, வியாழன் காலை, கருமுட்டை வளர்வதற்கு ஊசி ஆரம்பிக்கிறார்கள். எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்துக் கட்டடத்தில்தான் அந்த ஆஸ்பத்திரி, வேலையிலிருந்தே போய்விட்டு வந்துவிடலாம். டாக்டர் முதல் நாளே, "குடும்பத்துல யாருக்காவது கேன்சர் உண்டா?" என்று கேட்டார். மாமியார் என் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார். இல்லை என்றேன். அதை இனிமேல் மாற்ற முடியாது. மாற்றினால் ஊசியும் இல்லை, என் வீடும் இல்லை.

உன்னைக் குழப்பியது தப்புதான். உண்மையைச் சொன்னால் மறுபடி டியூப் அனுப்புவாய், அதனால் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கஷ்டப்படுவாய், அப்புறம் விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ எதையும் பேசாமலே விட்டுவிடுகிறவள்தானே. அந்த விஷயத்தில் உன்னைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும்.

அம்மா படுத்திருந்தபோது தினமும் சாயங்காலம் ஹோட்டல் போனிலிருந்து கூப்பிட்டேன். "எப்படி இருக்கா?" என்பேன். "இருக்காங்க" என்பாய். "சாப்பிட்டாளா?" என்பேன். "ம்" என்பாய். வயிற்றிலிருந்து நீர் எடுக்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னாயா? ஆபரேஷனில் கட்டியை முழுசாக எடுக்க முடியவில்லை என்று சொன்னாயா? நீர் எடுத்த விஷயமே போன மாதம் உன் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். "இருக்காங்க, இருக்காங்க" என்றாய். அடுத்து வந்த போன் உன்னுடையதுகூட இல்லை. மாடி வீட்டுக்காரர் சொன்னார். நான் வரவில்லை என்று ஊரெல்லாம் பேசியது. வர வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? அம்மாவின் கடைசி நாட்களை நீ ஒருத்தியே வைத்துக்கொண்டாய். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா உனக்கு?

என் விஷயத்தில் தலையிடாதே. ஏதாவது செய்தாயானால் எனக்குத் தங்கையே கிடையாது. இந்தத் தடவை எந்த டியூப்பும் பார்க்காமல் சொல்கிறேன்.

பெரியவள்

*

மே 15

அக்கா,

உன் கடிதம் வந்த அன்று கடையில் ஐந்து தாடை மாதிரிகளைக் கீழே போட்டு உடைத்தேன். வேண்டுமென்றே இல்லை. முதலாளி, "இன்னைக்கு ஊருல பாதிப் பேருக்குப் பல் கிடையாது போல" என்றார்.

நீ கேட்டது சரி. இருக்காங்க என்றுதான் சொன்னேன். சொன்னால் நடந்துவிடும் என்று பயம். உனக்கும் அதே பயம்தான், அதனால் நீ டாக்டரிடம் "இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாய். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. நான் யாருடைய பிள்ளை என்று தெரியாமல் இருந்த அந்த நாட்களை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. அந்தக் கோபம் அப்படியே இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

மறுபடியும் நாலாவது மாடிக்குப் போனேன். அந்த டியூப் உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டேன். லாண்டரிப் பெண் எதற்கும் சம்மதித்துத் துப்பவில்லை, அதனால் அதைக் கீழே ஊற்றிவிட்டார்கள். நம் குடும்பத்தை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மேடத்துக்கு வருத்தம்தான். "பரவாயில்லம்மா, துப்பறதும் துப்பாததும் அவங்க இஷ்டம்" என்றார்.

யார் என்று சொல்லாமல், ஒரு பெண் இப்படி ஊசி போடப் போகிறாள், அம்மாவின் நோயை மறைக்கிறாள் என்று கேட்டேன். மேடம் சுற்றி வளைக்கவில்லை. "ஊசி போடக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். போடலாமா, எப்படிப் போடலாம்னு முடிவு பண்ண வேண்டியது அந்த டாக்டர். ஆனா அவங்களுக்கு விஷயம் தெரியணும். முதல்ல சினைப்பையை ஒழுங்கா ஸ்கேன் பண்ணுவாங்க, வேணும்னா மத்த டெஸ்ட் எடுப்பாங்க. எல்லாம் சரியா இருந்தா குழந்தையும் பெத்துக்கலாம். தெரியாம போட்டா அந்த டாக்டர் கண்ணைக் கட்டிக்கிட்டு வேலை பண்ற மாதிரி" என்றார். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது என்று கேட்டார். இருபத்தெட்டு என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேலே கேட்கவில்லை.

நீ டியூப்பில் துப்ப வேண்டாம். உன் ஏற்பி எப்படி இருந்தாலும் எனக்கு அக்கறை இல்லை. அதைப் பார்த்து யாராலும் உனக்கு எதுவும் சொல்லவும் முடியாது. நீ எதைக் கண்டு பயந்து ஊரார் எச்சிலை அனுப்பினாயோ, அது ஒன்றும் சொல்லாத விஷயம். எதை மறைத்தாயோ, அதுதான் சொல்லுகிற விஷயம்.

வியாழக்கிழமை கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். புதன் ராத்திரி பஸ்ஸில் ஏறினால் காலையில் அங்கே இருப்பேன். உன் ஹோட்டல் முகவரியை எத்தனை கவரில் எழுதியிருக்கிறேன், வழி கேட்காமலே வந்துவிடுவேன். பக்கத்துக் கட்டடத்தில் காத்திருப்பேன். எனக்குத் தங்கையே கிடையாது என்று நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள். நான் உள்ளே வருவேன்.

மாமியாரை வெளியே உட்கார வைப்பது உன் பாடு. அதற்கு நீ என்ன பொய் சொன்னாலும் நான் குறுக்கே பேச மாட்டேன், அவரிடம் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். கதவு சாத்தியதும் டாக்டரிடம் நீயே சொல்லிவிட்டால், நான் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அதற்கப்புறம் நீ எனக்கு எழுத வேண்டாம். மாமியாரை வெளியே அனுப்பாமல், டாக்டர் கேட்கும்போது முன்பு போலவே "இல்லை" என்று நீ தலையாட்டினால், அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் நான் சொல்வேன். எங்கள் அம்மா சினைப்பையில் புற்றுநோய் வந்து செத்தாள், இவள் அவளுடைய மூத்த மகள் என்று சொல்வேன்.

என் குரல் அந்த மேசை வரைக்கும் போகாது. "என்னம்மா, என்ன சொன்ன?" என்று டாக்டர் கேட்பார்.

மறுபடி சொல்வேன்.

சின்னவள்